மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உபதேசம்

சகோதரி, அம்மா சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார், "விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு" என்று போதகர் சொன்னார், கேள்வி கேட்டால் "உபதேசத்தை நோண்டாதே, அன்பு போதும்" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அம்மாவை இன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உபதேசம், அதாவது சபை போதிக்கும் கொள்கை, என்பது ஏதோ வேதாகமக் கல்லூரிச் சமாச்சாரம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உங்கள் வீட்டில் அது மாத்திரை டப்பா வரை வந்துவிட்டதே!

அம்மாவோடு உட்கார்ந்து 2 தீமோத்தேயு 4:20ஐ வாசியுங்கள். தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்து பட்டணத்தில் விட்டுவந்ததாக அப்போஸ்தலன் பவுல் எழுதுகிறார். அவனுக்கு விசுவாசம் குறைவு என்று ஒரு வார்த்தைகூட இல்லை. தன் சீஷன் தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்கு அவர் சொன்னது கொஞ்சம் திராட்சரசம் (1 தீமோத்தேயு 5:23). "மாம்சத்திலே ஒரு முள்" என்று தான் சொன்ன உபத்திரவம் நீங்க அவரே மூன்று தரம் வேண்டிக்கொண்டார் (2 கொரிந்தியர் 12:7-9). கிடைத்தது சுகமல்ல, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில். கூடவே இருந்த லூக்கா வைத்தியர். கர்த்தர் சுகமாக்குகிறவர்தான், நானும் நம்புகிறேன். ஆனால் சுகமாகாதவர்மேல் பழியைப் போடுவது வேதத்தில் இல்லாத பாரம்.

கேள்வி கேட்பது கலகம் அல்ல. பவுல் பிரசங்கித்ததையே பெரோயா பட்டணத்தார் தினந்தோறும் வேதத்தோடு ஒத்துப்பார்த்தார்கள். அப்போஸ்தலர் 17:11 அவர்களைப் புகழ்கிறது.

போதகரிடம் சபை நடுவே வேண்டாம், தனியாகப் பேசுங்கள். பிரசங்கி அப்பொல்லோவின் போதனையில் குறை இருந்தபோது, ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற விசுவாசத் தம்பதியர் அவனைத் தனியே அழைத்துத்தான் விளக்கினார்கள் (அப்போஸ்தலர் 18:26), அவனும் கேட்டுக்கொண்டான். இந்த வசனங்களைக் காட்டியும் கோபம்தான் வருகிறதென்றால், வேறு சபை தேடுங்கள்.