வாசகர் கேள்வி: ஒரு சாண் மேடு, ஒரு சாண் பள்ளம்

கேள்வி: ஐயா, ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் வடிகால் வடியாமல் பயிர் நாள்கணக்கில் மூழ்கிக் கிடக்கிறது. விமானத்திலிருந்து லேசர் அடித்து உயரம் அளக்கும் 'லைடார்' வந்தால் எங்கே அடைப்பு என்று தெரிந்துவிடும் என்கிறான் என் மகன். வாய்க்கால் முழுக்கக் காட்டாமணக்கு மண்டியிருக்கிறதே, அதைத் தாண்டித் தரை தெரியுமா?
- விவசாயி, தலைஞாயிறு

பதில்: தெரியும். ஆனால் எந்த மாதத்தில் பறக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நான் 29 வருடம் கீழத்தஞ்சைப் பக்கம் டம்பி லெவலும் (மட்டம் பார்க்கும் தொலைநோக்கி) ஸ்டாஃபுமாக (அளவு குறித்த கோல்) லெவல் எடுத்தவன், அதாவது நிலத்தின் உயரம் அளந்தவன். கடைமடையில் ஒரு சாண் உயரம் போதும், தண்ணீர் திசை மாறிவிடும். நாங்கள் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி எடுப்போம். லைடார் ஒரு சதுர மீட்டருக்குள்ளேயே பல புள்ளிகள் எடுத்துவிடும். லேசர் ஒளி கீழே பட்டுத் திரும்ப ஆகும் நேரம்தான் கணக்கு. ஒரு நொடியை நூறு கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கு முன்பின்னாகத் திரும்பினாலே உயரம் 15 செ.மீ. மாறும். 2000-இல் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரில் எடுத்த உயர வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அது தென்னந்தோப்பையும் மேடென்று காட்டும். வடிகால் வேலைக்கு அதை நம்ப வேண்டாம்.

சரி, காட்டாமணக்குக்கு வருகிறேன். லேசர் ஒளியில் கொஞ்சம் இலையில் பட்டுத் திரும்பும், மீதி இடுக்கு வழியாகக் கீழே இறங்கும். கடைசியாகத் திரும்பி வருவதைத் தரை என்று எடுத்துக்கொள்வார்கள். குளிர்நாடுகளில் இலை உதிர்ந்த பிறகு பறப்பார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. முத்துப்பேட்டை அலையாத்தியும் கோடியக்கரைக் காடும் எப்போதும் பச்சைதான். செடி ரொம்ப அடர்ந்தால் ஒளி தரையைத் தொடாது, வாய்க்கால் தூர்ந்ததுபோலத் தெரியும். தண்ணீர் நின்றாலும் சிக்கல்தான். வழக்கமான அகச்சிவப்பு லேசரைத் தண்ணீர் விழுங்கிவிடும். பச்சை லேசர் தெளிந்த நீரில் அடிவரை போகும், நம் ஆற்றுக் கலங்கலில் போகாது. அதனால் சித்திரை, வைகாசியில், ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன்பு, செடியை வெட்டிவிட்டுப் பறக்க வேண்டும்.

இன்னொன்றை அவசியம் சொல்ல வேண்டும். சாலைக்கு அடியில் போகும் குழாய் மேலிருந்து வரும் லேசருக்குத் தெரியாது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் அப்படி ஒரு வரைபடத்தைச் சரிபார்க்கப் போனேன். சாலைக்கு மேற்கே ஏரிபோலத் தண்ணீர் தேங்கும் என்று காட்டியது கணினி. நடவு நட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, "அந்த ரோட்டுக்கு அடியில மூணு குழா இருக்குங்க, ஒண்ணுதான் அடைச்சுப்போச்சு" என்றார். அவர் கைகாட்டிய இடங்களைக் குறித்துக்கொண்டு வந்து வரைபடத்தில் சேர்த்த பிறகுதான் கணக்கு நிலத்தோடு ஒத்துப்போனது. உங்கள் ஊரில் எந்தச் சாலைக்கு அடியில் குழாய் போகிறது, எந்த மதகு திறக்க வராது என்பதையெல்லாம் இப்போதே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். விமானம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த நோட்டு வேண்டியிருக்கும்.

கேள்வி: கடற்கரையில் நின்று பார்த்தால் என் கைப்பேசிச் செயலி உயரம் மைனஸ் 90 மீட்டர் என்கிறது. கடல் அரிப்பை அளக்க இதை எப்படி நம்புவது?
- கல்லூரி மாணவி, வேளாங்கண்ணி

பதில்: செயலியில் தவறில்லை, அம்மா. பூமியைத் துருவங்களில் லேசாகத் தட்டையான, வழவழப்பான ஒரு உருண்டையாகக் கற்பனை செய்து, அதன் மேற்பரப்பிலிருந்து அளக்கிறது. இலங்கைக்குத் தெற்கே ஈர்ப்பு குறைவு. அங்கே கடல்மட்டம் அந்தக் கற்பனைப் பரப்புக்குச் சுமார் 106 மீட்டர் கீழே இருக்கிறது. நம் கரை அந்தப் பள்ளத்தின் சரிவில் இருக்கிறது. லேசர் அளவும் முதலில் இப்படித்தான் வரும், அப்புறம் கடல்மட்டத்துக்கு மாற்றுவார்கள். அரிப்புக்கு, மழைக்கு முன்னும் பின்னும் அளந்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க வேண்டும். இரண்டும் ஒரே அடிப்படையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.