பெட்டியடியில் அந்தப் பெண்ணை உட்காரவையுங்கள்

கேள்வி: தேவகோட்டைக்குப் பக்கத்தில் 5 கிராமங்களில் 22 ஆண்டுகளாக மாலைநேரப் படிப்பு மையங்களும் ஒரு நூலகமும் நடத்தி வருகிறோம். நிர்வாகக் குழுவில் 7 பேர். எல்லோருமே அறுபதைத் தாண்டியவர்கள். எனக்கு 68. வேலைக்கு வரும் இளைஞர்கள் ஓரிரு ஆண்டில் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போய்விடுகிறார்கள். ஒரு பெண் மட்டும் 4 ஆண்டுகளாக நிலைத்திருக்கிறாள். வயது 26, எங்கள் மையத்திலேயே படித்தவள், கெட்டிக்காரி. கூட்டத்தன்று காப்பி கொடுப்பது முதல் ரசீதுகளை அடுக்குவது வரை அவள்தான். அவளுக்குப் பொறுப்புக் கொடுக்கலாம் என்றால், “சின்னப்பிள்ளை, பக்குவம் வரட்டும்” என்கிறார்கள். மதுரையில் 3 நாள் தலைமைப் பயிற்சி நடக்கிறதாம். அனுப்பினால் பயன் இருக்குமா?
– ஓர் ஆச்சி

பதில்: அன்புள்ள ஆச்சிக்கு,

அனுப்புங்கள், தவறில்லை. ஆனால் திரும்பி வந்து மறுபடியும் ரசீதுதான் அடுக்கப்போகிறாள் என்றால், அந்தப் பயிற்சியே அவளை உங்களிடமிருந்து பிரித்துவிடும். தன்னால் என்னென்ன முடியும் என்று அங்கே தெரிந்துகொள்வாள். அதற்கு இங்கே இடமில்லை என்பதும் அப்போதுதான் உறைக்கும்.

உங்கள் கடிதத்தில் காப்பி என்ற சொல்லைத் தாண்டி என்னால் உடனே போக முடியவில்லை. வீட்டுக் கூடமான பட்டாலையில் 7 பேர் அமர்ந்து மையங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். எந்தப் பிள்ளை எதனால் வரவில்லை, எந்த ஊரில் விளக்கு எரியவில்லை என்று அறிந்த ஒரே ஆள் உள்பக்கத்து இரண்டாங்கட்டுக்கும் பட்டாலைக்கும் நடந்துகொண்டிருக்கிறாள். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீங்கள் அவளை மதிப்பதால்தான் எனக்கு எழுதினீர்கள். ஆனால் அவள் எங்கே உட்காருகிறாள் என்பதிலிருந்துதான் இது தொடங்க வேண்டும்.

இளையவர்களை ஆளாக்கும் வழியை உங்கள் நகரத்தார் ஐயாக்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வட்டித்தொழில் செய்ய, போன காலத்தில், மீசை அரும்பாத பையனைக் கப்பலேற்றினார்கள். முதலில் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்காரும் பெட்டியடிப் பையன், பிறகு ஏஜெண்டுக்கு உதவியாளான அடுத்தாள், பிறகு கடையையே நடத்தும் ஏஜெண்டு. முதலாளி இருப்பது செட்டிநாட்டில், கடை இருப்பது ஐராவதிக் கரையில், கடிதம் போவதோ கப்பலில். யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்று அங்கே இருப்பவன்தான் முடிவெடுத்தாக வேண்டும். முதலாளி கேட்டது கணக்கை: பேரேடு, ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்கு. ஏஜெண்டின் பணிக்காலம் பெரும்பாலும் 3 ஆண்டுத் தவணை. அந்தத் தொழிலை நான் புகழ வரவில்லை. 1930களின் நெல் விலைச் சரிவில் பர்மிய உழவர்களின் நிலங்கள் ஏராளமாக வட்டிக்கடைகளின் கைக்குப் போயின. பெண்ணுக்கும், பெரும்பாலும் பிற சாதியாருக்கும், அந்த ஏணியில் படியே இல்லை. ஆனாலும் பணத்தைக் கையில் கொடுத்துக் கணக்கைக் கேட்பதுதான் ஆளை வளர்க்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் தொண்டு நிறுவனங்கள் பலவற்றில் வேலையைக் கொடுக்கிறோம், பணத்தைக் கொடுப்பதில்லை.

எனக்கும் அது நேர்ந்திருக்கிறது. இருபதுகளில் ஒரு தொண்டு நிறுவனத்தில் 3 ஆண்டுகள் இருந்தேன். பெயர் வேண்டாம். பஸ் டிக்கெட்டுக்குக்கூடச் செயலாளரின் கையெழுத்து வேண்டும். அவர் நல்லவர், என்மீது அன்பானவர். நான் விலகியபோது சம்பளம் போதவில்லையா என்று கேட்டார். சம்பளமும் போதவில்லைதான். ஆனால் அங்கே எதுவும் என் முடிவாக இருந்ததில்லை என்பதை அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே 5 மையங்களில் ஒன்றை, அதன் ஓராண்டுச் செலவுத் தொகையோடு, அவள் பொறுப்பில் விடுங்கள். அந்த மையத்திற்குத் தனி வங்கிக் கணக்குத் தொடங்கி, இரண்டு கையெழுத்தில் ஒன்று அவளுடையதாக இருக்கட்டும். ஒரு தொகைவரை யாரையும் கேட்காமல் அவளே செலவு செய்யலாம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு ரசீதுக்கும் கூப்பிடாதீர்கள். அவள் ஒரு தவறு செய்வாள். எவ்வளவு நட்டம்வரை பொறுத்துக்கொள்வீர்கள் என்று குழு இப்போதே பேசி வைத்துக்கொள்ளட்டும். தவறு நடந்த பிறகு அதைப் பேசினால் கோபம்தான் பேசும்.

இதைவிடக் கடினமானது நன்கொடையாளர்களின் நம்பிக்கை. அவர்கள் பணம் தருவது உங்கள் முகத்துக்கு. மணிவிழாச் சாந்திக்கும் கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் அவர்கள் ஊர் வரும்போது அந்த வீடுகளுக்கு அவளையும் அழைத்துச் செல்லுங்கள். “எங்கள் மையத்தை நடத்துபவர்” என்று அறிமுகப்படுத்துங்கள், “நம்மிடம் வேலை பார்க்கும் பெண்” என்று வேண்டாம். ஆண்டுக் கடிதத்தை அவளே எழுதி அவள் பெயரிலேயே அனுப்பட்டும். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர் தருவது வெளிநாட்டு நன்கொடை, அதற்கு மத்திய உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே இருப்பவர் தம் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அப்படியில்லை. இந்த நுணுக்கங்களெல்லாம் 22 ஆண்டுகளாக உங்கள் தலைக்குள் இருக்கின்றன. அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

சம்பளம்: தொண்டு என்று சொல்லிக் குறைக்காதீர்கள். அவளுக்கும் வீட்டு வாடகையும் தாய்க்கு மருந்துச் செலவும் இருக்கும்.

“பக்குவம் வரட்டும்” என்பவர்களுக்கு ஒரு செய்தி. காரைக்குடியில் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கியபோது சா. கணேசனுக்கு வயது முப்பதை ஒட்டித்தான். அந்தக் கழகமும் அதன் விழாவும் அவர் காலத்துக்குப் பிறகும் நிலைத்திருக்கின்றன. கூடவே குழுவினர் ஒன்றைத் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். இதே வயதில், இதே திறமையோடு, தங்கள் உறவுக்குள் ஒரு பையன் இருந்தால் அவனையும் சின்னப்பிள்ளை என்பார்களா? பதில் கசந்தாலும் கேட்கத்தான் வேண்டும்.

உங்களுடையது சங்கமா அறக்கட்டளையா என்று நீங்கள் எழுதவில்லை. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது என்றால், குழு உறுப்பினரின் பதவிக்காலம் 3 ஆண்டுகளுக்கு மேல் போகக்கூடாது. மறுபடி தேர்ந்தெடுக்கலாம் என்பதால் பல இடங்களில் அதே பெயர்களே திரும்பத் திரும்ப எழுதப்படுகின்றன. வரும் முறை இரண்டு இடங்களை முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விடுங்கள். அறக்கட்டளை என்றால் பத்திரத்தை எடுத்து, புதிய அறங்காவலரைச் சேர்க்க அதில் என்ன வழி இருக்கிறது என்று பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அவள் போய்விட்டால்? போகலாம். அதனால் முதல் மாதமே அவளிடம் ஓர் அடுத்தாளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தேர்வு அவளுடையதாக இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்தில் அவளுக்கும் பட்டாலையில் ஒரு நாற்காலி போடுங்கள். கணக்கை அவளே வாசிக்கட்டும். அன்றைக்குக் காப்பி கொண்டுவர வேறு ஆளை ஏற்பாடு செய்துவிடுங்கள், ஆச்சி.