ஆற்றங்கரை நடைபாதைக்கு கார் நிறுத்த இடம்: ஊராட்சி தீர்மானம் போதுமா?

குடமுருட்டி ஆற்றின் கரையில் நடைபாதை வந்துவிட்டது, கார் நிறுத்த இடமில்லை, கரையை அகலப்படுத்தி ஊராட்சியே இடம் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தீர்மானம் போடலாம், அதைத் தடுக்க யாரும் இல்லை. ஆனால் கரை ஊராட்சியுடையது அல்ல, ஆற்றுப் புறம்போக்கு. பார்த்துக்கொள்வது நீர்வளத்துறை (நம் வாயில் இன்னும் பொதுப்பணித்துறைதான்). அவர்கள் அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண்கூடக் கொட்டக் கூடாது.

கரையில் கார் நிறுத்துவதை எதிர்ப்பவர்களை நடைப்பயிற்சிக்கு விரோதிகள் என்று நினைக்காதீர்கள். டெல்டாவில் கரைதான் வயலுக்கு வழி. நடவு நேரத்தில் கேஜ் வீல் (சேற்றில் ஓட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிய டிராக்டர் விடியற்காலையில் வரும். எதிரே ஒரு கார் நின்றால் போதும். ஒதுங்க ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் சேறு. மேட்டூர் திறந்து தண்ணீர் நிரம்பி ஓடும் நாட்களில் ஊறிய கரைமேல் வரிசையாகக் கார்கள் நிற்பதும் நல்லதல்ல.

சரி, வேறு எங்கே? களத்துமேடு என்பார்கள். தை மாதம் அங்கே நெல் காயும், அப்போது சண்டை வரும். என் யோசனை, பழைய வண்டிப்பேட்டை (முன்பு மாட்டுவண்டிகள் நிறுத்திய இடம்) இருக்கிறதா என்று பாருங்கள். 1994 ஊராட்சிகள் சட்டப்படி அந்த வகைப் புறம்போக்கு ஊராட்சியின் பொறுப்பில் வரும். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் (ஊரின் நிலக் கணக்குப் பதிவேடு) அந்த இடத்தின் சர்வே எண்ணைப் பார்த்துக்கொண்டு, அப்புறம் அக்டோபர் 2 கிராம சபையில் எழுத்தாகக் கொடுங்கள். அங்கிருந்து கரைக்கு ஐந்து நிமிடம் நடக்க வேண்டியிருக்கும். நடக்கத்தானே வருகிறார்கள்!