‘அதை விடுங்கள்’ என்று எழுதிய உம்மாவுக்கு

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

நாங்கள் கண்டிப் பக்கம். ஒரே மகன், பத்தொன்பது வயது. ஒரு வருடமாக அவன் என் பிள்ளையாகவே இல்லை. உம்மம்மா வீட்டில் இறைநேசர் பெயரில் கொடுத்த கந்தூரி விருந்தில், எல்லாரும் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டில் கை வைக்க மறுத்து, “இது ஷிர்க், அல்லாஹ்வுக்கு இணை வைப்பது; நீங்கள் முஸ்லிம்களே இல்லை” என்று எல்லார் முன்னாலும் சொன்னான். எனக்குத் தலை நிமிர முடியவில்லை. தாடி, கரண்டைக்கு மேல் கால்சட்டை, எந்நேரமும் தொழுகை. பக்கத்து வீட்டுச் சிங்களக் கூட்டாளியோடு பேச்சே இல்லை. இரவெல்லாம் போனில் பயான், அதாவது மார்க்கச் சொற்பொழிவு, கேட்கிறான். 2018இல் எங்கள் கடையோடு எரிந்த கடைகளைக்கூட அதில் காட்டுகிறார்களாம். வீட்டில் நாங்கள் அதைப் பேசுவதில்லை. அன்று அவன் சின்னப் பிள்ளை, மேல்மாடியில் என் மடியில் ஒளிந்திருந்தான். அதை விடுங்கள். பெற்றவளையே முஸ்லிம் இல்லை என்கிறானே! கந்தூரியில் பட்ட அவமானம் இன்னும் ஆறவில்லை. தாடியை எடுக்கச் சொன்னால் கதவைச் சாத்துகிறான். போனைப் பிடுங்கிவிடட்டுமா?

அன்புச் சகோதரி,

அதை நான் விடப்போவதில்லை. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனப் பக்கம் சிங்களக் கும்பல்கள் முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் எரித்த கலவரத்தைப் பற்றி உங்கள் மகனிடம் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. பேசியது பயான்காரர் மட்டும்தான்.

இப்படிப் பயான் மூலம் ஆள் சேர்க்கும் தீவிரவாதக் குழுக்கள் உண்மையாகவே பட்ட காயத்தைத் தேடிப்பிடித்து, அதன்மேல் ஒரு வசனத்தை வைக்கின்றன. ‘உன் வாப்பா ஏன் சும்மா இருந்தார்? அவருக்கு ஈமான், இறைநம்பிக்கை, இல்லை’ என்பது அடுத்த பேச்சு. பிள்ளை வீட்டைவிட்டு மனத்தால் வெளியேறிவிடுகிறான். ஈஸ்டர் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய, கிழக்கிலங்கைக் காத்தான்குடி சஹ்ரான் ஹாஷிம் தமிழில்தான் பயான் செய்தார். 2017இல் அவருடைய ஆட்கள் மோதியது அவ்வூர் சூஃபி முஸ்லிம்களோடு. 2019 ஏப்ரல் 21இல் அவரும் அவருடைய ஆட்களும் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடத்திய தற்கொலைக் குண்டுத் தாக்குதல்களில் 250 பேருக்கு மேல் மாண்டார்கள். அவரைப் பற்றி முன்கூட்டியே பொலிஸில் முறையிட்டவர்களும் முஸ்லிம்களே.

ஆனால் தாடியும் தொழுகையும் குற்றமில்லை, சகோதரி. கந்தூரி கூடாது என்று நம்பும் சாதுவான மனிதர்கள் எத்தனையோ பேர். நீங்கள் தாடியோடு சண்டை போடும்போது, ‘உன் வீட்டார் மார்க்கத்துக்கே எதிரி’ என்ற பேச்சு அவனுக்கு மெய்யாகிவிடுகிறது. சபையில் பட்ட அவமானத்தைச் சற்று ஒதுக்கி வையுங்கள். எனக்குப் பயம் தருவது அவன் உங்களுக்கு வழங்கிய தீர்ப்பும், கூட்டாளியை அறுத்துக்கொண்டதும்.

போனைப் பிடுங்காதீர்கள். வாப்பாவையும் வைத்துக்கொண்டு அன்று நடந்ததைப் பேசுங்கள். நீங்கள் நடுங்கியதை, வாப்பா ஏன் வெளியே போகவில்லை என்பதை, உதவிய அயலவர் இருந்தால் அவர்கள் பெயரை. அவனுடைய கோபத்தை மறுக்காதீர்கள். அப்புறம், அவன் மதிக்கும் நல்ல மௌலவி ஒருவரிடம் கேள்விகளோடு போகட்டும். அடிப்பதையோ கொல்வதையோ அவன் நியாயப்படுத்திப் பேசினால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் என்னை அழையுங்கள்.