கேள்வி உங்களுடையது: இந்த வாரம் என்னையே கேட்டிருக்கிறீர்கள்

வழக்கமாக மாமியார், மருமகள், கடன், தூக்கமின்மை என்று வரும் கடிதங்களுக்கு நடுவே, கொஞ்ச நாளாக என்னைப் பற்றியே கேட்டு வருபவையும் சேர்ந்துகொண்டே இருந்தன. ஆசிரியர் அவற்றை ஒரு கட்டாகக் கட்டி என் மேசையில் வைத்துவிட்டார். சரி, இந்த வாரம் அதுதான்.

ஊரார் பிரச்சினைக்கெல்லாம் பதில் சொல்கிறீர்களே, நீங்கள் யார், வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள்? – வாசகி, ராஜபாளையம்

பாளையங்கோட்டைக்காரி. வங்கியில் வேலை பார்த்தேன், இப்போது ஓய்வு. கணவர், ஒரு மகள், மாமியார். இவ்வளவு சொல்லியும் என்னைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, ஏனென்றால் இதே வரிகளை எங்கள் தெருவில் பாதிப் பேர் எழுதிக் கொடுக்கலாம். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன், அது வேறு யார் வீட்டிலும் நடக்காது.

அத்தைக்கு வயது 82. தாயம் ஆடுவதில் எங்கள் தெருவில் அவரை ஜெயித்தவர் கிடையாது. பாதி திறமை, மீதி பக்கத்து வீட்டுப் பையன் அந்தப் பக்கம் திரும்பும்போது காயை நகர்த்திவிடுவது. இவர் பழைய ரேடியோக்காரர். மர்ஃபி, புஷ் என்று யார் வீட்டுப் பரணிலாவது கிடக்கிற செட்டைக் கேட்டு வாங்கிவந்து, திண்ணையில் பிரித்துப் போட்டு, மதியச் சாப்பாட்டுக்கு மூன்று முறை கூப்பிட்டாலும் காதில் விழாமல் உட்கார்ந்திருப்பார். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தென்மாவட்டத்து ஆம்பிளைகளில் பலருக்கு இந்த வியாதி உண்டு. மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள், லீவுக்கு வந்தால் பதினொரு மணி வரை தூங்குவாள், அதையும் ஒரு பொழுதுபோக்காகவே கணக்கில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். நான் இவர்கள் எழுந்திருப்பதற்கு முன்னால் தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு ஏதாவது ஒரு குளத்தங்கரைக்குப் போய்விடுவேன்.

பறவை பார்ப்பது என்று அடிக்கடி எழுதுகிறீர்கள், அதில் அப்படி என்ன இருக்கிறது? ஆரம்பிக்க எவ்வளவு செலவாகும்? விலை கூடின கேமரா வேண்டுமா? – வாசகர், சாத்தூர்

கேமராவே வேண்டாம் தம்பி. கேமராவோடு ஆரம்பித்தவர்களில் நிறையப் பேர் படம் சரியாக வந்ததா என்று திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், அதற்குள் பறவை போய்விடும். முதல் மாதம் மொட்டை மாடி போதும். காலை ஆறு மணிக்கு மேலே ஏறி அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள், தவிட்டுக்குருவி கூட்டமாகச் சண்டை போடும், செம்பருத்தியில் தேன்சிட்டு வரும், கரன்ட் கம்பியில் கரிச்சான் உட்கார்ந்திருக்கும். அந்தக் கரிச்சானை மட்டும் ஒரு வாரம் கவனியுங்கள். காக்கையைவிடச் சின்ன உடம்பு, ஆனால் கூடு கட்டும் காலத்தில் பக்கத்தில் பருந்தே வந்தாலும் விரட்டிக்கொண்டு போகும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அந்தத் தைரியம் கிடையாது.

அப்புறம் ஆசை விடவில்லை என்றால் ஒரு தொலைநோக்கி வாங்குங்கள். கடையில் 8×42 என்று கேளுங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். இருபது மடங்கு, முப்பது மடங்கு என்று காட்டி ஆசை காட்டுவார்கள், வேண்டாம், மடங்கு கூடக் கூடக் கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெரிதாகித் தெரியும், பார்க்கிற பரப்பும் சுருங்கிவிடும். பெயர் கண்டுபிடிக்க மெர்லின் என்று ஒரு செயலி இருக்கிறது, குரலைக் கேட்டே இன்னது என்று சொல்லும், சில சமயம் தப்பாகவும் சொல்லும். பார்த்ததைப் பதிந்துவைக்க இ-பேர்ட். இரண்டும் இலவசம். 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, ஓர் இடத்தில் பதினைந்து நிமிடமாவது நின்று பார்த்ததை எழுதி இ-பேர்டில் ஏற்றினால் போதும், பொங்கப்பானையை இறக்கிவிட்டு மாடிக்குப் போய்க்கூடச் செய்யலாம். எங்கள் பக்கத்தில் மணிமுத்தாறில் இருந்து இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம், 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணி வருகிறது. தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள், பழகினவர்களோடு ஒரு நாள் நின்றால் பத்துப் புத்தகம் படித்ததற்குச் சமம்.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் கூந்தன்குளம் போங்கள். நாங்குநேரி தாலுகா. 1994இல் சரணாலயமாக அறிவித்தார்கள், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சாரில் சேர்ந்ததாக 2022இல் அறிவிப்பு வந்தது, ஆனால் இந்த அறிவிப்புகளுக்கெல்லாம் ரொம்ப முன்னாலிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் குளத்து மரங்களில் மட்டுமா கூடு கட்டுகின்றன, ஊருக்குள் வீட்டு வாசல் மரத்திலும் கட்டுகின்றன. வாசலில் எச்சமும் மீன் வாடையும் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், நம் ஊர்களில் ஒரு வேப்பமரத்து இலை அடுத்த வீட்டில் விழுந்தாலே பஞ்சாயத்து நடக்கிறது. அங்கே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீரும் வண்டலும் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும், அதனால் இதை வெறும் அன்பு என்று மட்டும் சொல்ல மாட்டேன், கணக்கும் உண்டு, எனக்கு அது இன்னும் பிடித்திருக்கிறது. குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் வரும். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிறவை. குளத்துக்கு மணிமுத்தாறு அணைத் தண்ணீர் வர வேண்டும், மழையும் வேண்டும், தண்ணீர் இல்லாத வருடம் ஏமாந்து திரும்ப நேரிடும், யாரையாவது கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஆறு வயதுப் பையன், முட்டி வலியுள்ள மாமனார் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு திருநெல்வேலியிலிருந்து ஒரு நாளில் எங்கே போய் வரலாம்? குற்றாலம் போய்ப் போய் அலுத்துவிட்டது. – வாசகி, பேட்டை

திருச்செந்தூர் ரோட்டைப் பிடியுங்கள். முதலில் கிருஷ்ணாபுரம், வெங்கடாசலபதி கோயில், நாயக்கர் காலத்துச் சிற்பங்கள். காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். நாகாஸ்திரத்தோடு நிற்கிற கர்ணன், ராஜகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற குறவன் என்று ஒவ்வொரு தூணிலும் ஒரு கதை இருப்பதால் பையனுக்கு அலுக்காது, மாமனாருக்கும் உட்கார இடம் உண்டு. அங்கிருந்து அதே ரோட்டில் ஆதிச்சநல்லூர், இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த பழங்கால இடுகாடு. 1876இல் ஜெர்மனியிலிருந்து வந்த யாகோர் என்பவர் முதலில் தோண்டிய இடம், அப்புறம் அலெக்சாண்டர் ரீ, 2004இல் மறுபடியும் தொல்லியல் துறை. முதுமக்கள் தாழிகளை அவை கிடைத்த குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடி போட்டு அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள், 2023 ஆகஸ்டில் திறந்தது. காலுக்குக் கீழே தாழி தெரிவதைப் பார்த்துப் பையன் கேட்கப்போகிற கேள்விகளுக்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும், அது என் பொறுப்பு இல்லை. நிழல் குறைவு, தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுச்சோறு புளியோதரையும் துவையலும் போதும். நவதிருப்பதியையும் அன்றைக்கே முடித்துவிடலாம் என்று வீட்டில் யாராவது கிளப்புவார்கள், சம்மதிக்காதீர்கள். ஒன்பது கோயிலையும் இதோடு சேர்த்தால் மாமனாரின் முட்டிக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அல்வா எங்கே வாங்குவது என்று கேட்காதீர்கள், அதில் கருத்துச் சொல்லி இந்த ஊரில் நிம்மதியாக இருந்தவர் இல்லை.

அடுத்த மாதம் கேம்பஸ் இன்டர்வியூ. “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் என்ன சொல்வது, அக்கா? பொழுதுபோக்கு என்று எதைப் போடுவது? – கல்லூரி மாணவி, கோவில்பட்டி

வேலை பார்த்த காலத்தில் சில முறை மேசைக்கு அந்தப் பக்கம் நானும் உட்கார்ந்திருக்கிறேன் தங்கச்சி. வருகிற பிள்ளைகள் எல்லாரும் “ரீடிங் புக்ஸ், லிசனிங் டு மியூசிக்” என்பார்கள். கடைசியாக என்ன படித்தாய் என்று கேட்டால் முகம் வெளுத்துவிடும். அடுத்த கேள்விக்குத் தாங்காத எதையும் எழுதாதே. ஒருமுறை ஒரு பையன் வீட்டில் புறா வளர்ப்பதாகச் சொன்னான். எத்தனை, என்ன தீனி, நோய் வந்தால் என்ன செய்வாய் என்று நாங்கள் கேட்கக் கேட்க, அதுவரை திக்கித் திக்கிப் பேசிக்கொண்டிருந்தவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். தினமும் தீனி வாங்குகிற கணக்கை அவனே எழுதிவைக்கிறான் என்பதும் அந்தப் பேச்சிலேயே வெளியே வந்தது, அவனைப் பற்றி எங்களுக்கு வேண்டியது அதுதான்.

நீ கடிதத்தில் அப்பா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறார், அதைச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறாய். ஏன் சொல்லக் கூடாது? லீவு நாளில் அம்மாவோடு சேர்ந்து தீப்பெட்டி ஒட்டியிருப்பதாகவும் எழுதியிருக்கிறாயே, அதையும் சொல். ஆனால் கண்ணீர்க் கதையாக்காதே. என்ன வேலை, அதில் நீ எதைக் கற்றாய், இரண்டு வரி. ஊர், படிப்பு, வீடு, பிடித்தது, இந்த வேலைக்கு ஏன் வந்தாய், எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிடத்துக்குள் முடித்துவிடு. மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறாய் என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும், அதனால் வீட்டில் யாரையாவது எதிரே உட்காரவைத்து வேறு வேறு வார்த்தையில் சொல்லிப் பழகு.

மகளுக்கு வரன் பார்க்கிறோம். பயோடேட்டாவில் அவள் பொழுதுபோக்கு கேரம் விளையாடுவது என்று எழுதச் சொல்கிறாள். சமையல், கோலம் என்று போட்டால் நல்லது என்கிறார் தரகர். – தாய், விருதுநகர்

பயோடேட்டா உங்கள் மகளுடையதா, தரகருடையதா? சமையல், கோலம் என்று போட்ட தாள்களெல்லாம் தரகர் பையில் ஒரே மாதிரிதான் கிடக்கும். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் சென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கி வந்தார், அது ஒன்றும் ஒளித்துவைக்கிற ஆட்டம் இல்லை. கேரம் என்று எழுதியதைப் பார்த்துப் பின்வாங்குகிற வீட்டைக் கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்துகொள்வது லாபம்தானே.

அந்தக் காலத்தில் பேனா நண்பர்கள் பகுதியில் “பொழுதுபோக்கு: தபால்தலை சேகரிப்பு” என்று போடுவோம். இப்போது அதெல்லாம் யாராவது செய்கிறார்களா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், திருவண்ணாமலை

செய்கிறார்கள் ஐயா. பெயர், வயது, முகவரி, பொழுதுபோக்கு என்று நான்கே வரியில் முன்பின் தெரியாத ஒருவருக்குத் தன்னைச் சொல்லிவிட்ட காலம் அது, எனக்கும் ஆசை உண்டு. உங்கள் பேரப்பிள்ளைகள் ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்குள் படித்தால் ஒரு விஷயம். 2017இல் அஞ்சல் துறை தீன்தயாள் ஸ்பர்ஷ் என்று ஓர் உதவித்தொகையைத் தொடங்கியது. தபால்தலை சேகரிப்பில் ஆர்வம் உள்ள மாணவர்களை வினாடி வினாவும் செயல்திட்டமும் வைத்துத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருகிறார்கள். பள்ளியில் தபால்தலை மன்றம் இருக்க வேண்டும், இல்லையென்றால் பிள்ளையின் பெயரில் அஞ்சலகத்தில் தபால்தலைக் கணக்கு (பணம் கட்டிவைத்துப் புதுத் தபால்தலைகளைப் பெறுகிற கணக்கு) இருக்க வேண்டும். தலைமை அஞ்சலகத்தில் கேளுங்கள். உங்கள் பழைய ஆல்பத்தை முதலில் அவர்கள் கையில் கொடுங்கள், கிழிந்தால் கிழியட்டும்.

என் கணவர் ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார், திரும்ப சாயங்காலம் ஆகிறது. வாரத்துக்கு ஒரு நாள் கிடைக்கிற மனுஷன், அதையும் குளத்துக்குக் கொடுத்துவிட்டால் நான் என்ன செய்வது? – வாசகி, அம்பாசமுத்திரம்

ஞாயிறு காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிற கட்சி நான், அதனால் என் தீர்ப்பைக் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறு அவருக்கு, இரண்டு உங்களுக்கு என்று நேரடியாகக் கேளுங்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதால் தூண்டில்காரருக்கு ஒன்றும் புரியாது, அவர் மிதப்பு அசைகிறதா என்று மட்டும் பார்த்துப் பழகினவர். உங்களுடைய ஞாயிறுகளில் எங்கே போவது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள், அவர் கூட வரட்டும். அவருடைய ஞாயிறு ஒன்றில் நீங்களும் ஒருமுறை போய் உட்கார்ந்து பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் அடுத்த முறை போக வேண்டாம். பிடித்துக்கொண்டு வருகிற மீனை யார் ஆய்வது என்பதை மட்டும் அவர் கிளம்புவதற்கு முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.