வாசகர் கேள்வி – பதில்: கால்பந்துத் தேர்வுக்குப் போகும் மகள்

சென்ற இதழில் சிறுமியருக்கான கால்பந்து வளர்ச்சி அணிகளின் தேர்வைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். கோபி, திருப்பூர், பொள்ளாச்சி, பவானி, கரூர் என்று கொங்கு நாட்டின் பல ஊர்களிலிருந்தும் அது பற்றியே கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் பக்கத்தை முழுவதுமாக அதற்கே ஒதுக்கிவிட்டேன். பிள்ளைகள் சிறியவர்கள் என்பதால் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். குறுவட்டப் போட்டியில் நான்கு ஆட்டங்களில் ஒன்பது கோல் அடித்தாள். அடுத்த மாதம் கோவையில் 15 வயதுக்குட்பட்டோர் வளர்ச்சி அணிக்கான தேர்வு இருக்கிறது. இருநூறு பேர் வருவார்கள் என்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் ஒரு பிள்ளையின் திறமையை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? அவள் எதைக் காட்ட வேண்டும்?
— ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

ஒன்பது கோல் என்பது மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அதைத் தேர்வாளரிடம் சொல்ல வேண்டாம். அவர் கேட்கவும் மாட்டார். குறுவட்ட அளவில் பல பள்ளிகள் பதினொரு பேரைச் சேர்ப்பதற்கே கபடி ஆடும் பிள்ளைகளையும் ஓட்டப்பந்தயப் பிள்ளைகளையும் களத்தில் இறக்குகின்றன என்பதும், அங்கே கால் வேகம் உள்ள ஒரு சிறுமி பந்தை முன்னால் தட்டிவிட்டு ஓடியே கோல் அடித்துவிடலாம் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். வளர்ச்சி அணியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெல்வதற்காக யாரும் சேர்ப்பதில்லை. மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து மாநில அணிக்கும் அதற்கு மேலும் ஆள் தருவதற்காகவே சேர்க்கிறார்கள். ஆகவே, சொல்லிக் கொடுத்தால் எந்தப் பிள்ளை வளர்வாள் என்பதையே அவர்கள் தேடுகிறார்கள்.

பெரும்பாலான தேர்வுகள் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில் நடக்கும். பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் பார்த்துவிட்டு, எண் எழுதிய மேல்சட்டை ஒன்றைக் கொடுப்பார்கள். உடலைச் சூடேற்றும் பயிற்சி, 20 அல்லது 30 மீட்டர் ஓட்டம், கூம்புகளுக்கு இடையே பந்தை ஓட்டிச் செல்லுதல் ஆகியவை முதலில் வரும். ஓட்டத்தில் பின்தங்கினாலோ கூம்பைத் தட்டிவிட்டாலோ வேலிக்கு வெளியே நிற்கும் பெற்றோர் பதறிப்போகிறார்கள். உண்மையில் முடிவு எடுக்கப்படுவது அதற்கடுத்து நடக்கும், நால்வருக்கு நால்வர் அல்லது ஐவருக்கு ஐவர் ஆடும் சிறு ஆட்டங்களில்தான். சிறிய இடம் என்பதால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பந்து அடிக்கடி வரும்; ஒளிந்துகொள்ள வழியிருக்காது.

தேர்வுக் குழுவில் உட்கார்ந்த ஆண்டுகளில் நான் முதலில் பார்த்தது பிள்ளையின் கழுத்தைத்தான். பந்து தன்னிடம் வந்து சேருமுன்பே தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாளா, எதிரணியினர் எங்கே நிற்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு பந்தை வாங்குகிறாளா என்பது ஓரிரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அடுத்தது அவளுடைய முதல் தொடுகை: பந்து காலுக்கடியில் செத்து நின்றுவிடுகிறதா, அல்லது அவள் அடுத்து போக வேண்டிய திசையில் ஒரு எட்டு தள்ளி விழுகிறதா என்று பார்ப்பேன். மூன்றாவதாக, பந்தை இழந்தவுடன் அவள் வைக்கும் முதல் ஐந்து அடிகள். சிலர் இடுப்பில் கை வைத்து நிற்பார்கள், சிலர் பாஸ் கொடுத்த தோழியை முறைப்பார்கள், சிலர் அந்த நொடியே திரும்பித் துரத்துவார்கள். ஒரு முழு ஆட்டத்தில் ஒருவரின் காலில் பந்து இருப்பது இரண்டு மூன்று நிமிடமே என்பதை நினைத்துப் பார்த்தால், மீதி நேரத்தில் அவள் என்ன செய்கிறாள் என்பதைத் தேர்வாளர் ஏன் இவ்வளவு உற்றுப் பார்க்கிறார் என்பது உங்களுக்கு விளங்கும்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் மைதானத்தில் வாயே திறப்பதில்லை என்பது என் நெடுநாள் குறை. வீட்டில் 'பொம்பளப் புள்ள சத்தம் போடாதே' என்று பன்னிரண்டு ஆண்டு வளர்த்துவிட்டு, களத்தில் 'பின்னால் ஆள் வருகிறது', 'எனக்குக் கொடு' என்று கூவச் சொன்னால் எங்கிருந்து குரல் வரும்? இந்த ஒரு மாதத்தில் வலக் காலோடு இடக் காலையும், அவற்றோடு குரலையும் பழக்குங்கள். வழக்கமாக ஆடாத இடத்தில் நிற்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் நிற்கட்டும். முன்கள ஆட்டக்காரியைப் பின்களத்தில் நிறுத்திப் பார்ப்பதும் தேர்வின் ஒரு பகுதிதான். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: கோட்டுக்கு அருகில் நின்று 'அடி, அடி' என்று கத்தாதீர்கள். பிள்ளை பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்களைப் பார்க்கத் தொடங்கிவிடுவாள்.

13 வயதான என் மகளைச் சென்ற ஆண்டு ஒரு தேர்வில் 'உயரம் போதாது' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து பந்தைத் தொட மறுக்கிறாள். நான் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன்; எனக்கு இந்த விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாது. அவளுக்கு என்ன சொல்வது?
— ஒரு தந்தை, திருப்பூர்

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் குற்ற உணர்வு ஏற்பட்டது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே காரணத்துக்காக ஒரு சிறுமியைக் கழித்திருக்கிறேன். இரண்டு ஆண்டு கழித்து ஒரு போட்டியில், என்னைவிட நான்கு விரற்கடை உயரமாக வளர்ந்து எதிரணியில் வந்து நின்றாள்.

பெண் பிள்ளைகளின் உயரம் கூடும் வேகம் சராசரியாக 12 வயதை ஒட்டி உச்சத்தைத் தொடும். ஆண் பிள்ளைகளுக்கு இது ஏறத்தாழ 14 வயதில் நிகழும். சராசரி என்று சொல்லும்போதே, 11-லேயே முக்கால் வளர்ச்சியை முடித்தவளும் 13-ல்தான் அதைத் தொடங்குபவளும் அதில் அடக்கம் என்று பொருள். இருவரும் ஒரே தேர்வில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இதனோடு பிறந்த மாதமும் சேர்ந்துகொள்கிறது. சர்வதேசக் கால்பந்தின் வயதுப் பிரிவுகள் ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடப்படுவதால், ஜனவரியில் பிறந்தவளும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவளும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள்; அந்த வயதில் பதினொரு மாதம் என்பது சிறிய இடைவெளி அன்று. முன்னதாக வளர்ந்தவளைத் திறமைசாலி என்று நினைத்துவிடுவது தேர்வாளர்களின் பழைய பிழை. நல்ல தேர்வாளர்கள் இப்போது பிறந்த மாதத்தையும் பெயருக்குப் பக்கத்தில் குறித்துக்கொள்கிறார்கள்.

மகளிடம் இதை அறிவுரையாகச் சொல்லாமல் கணக்காகச் சொல்லுங்கள்; அந்த வயதுப் பிள்ளைகள் கணக்கை நம்புவார்கள். பிறகு, தேர்வு நடத்திய பயிற்சியாளரிடம் நீங்கள் இருவருமாகச் சென்று, 'அடுத்த முறைக்குள் இவள் திருத்திக்கொள்ள வேண்டியது என்ன?' என்று மட்டும் கேளுங்கள். 'உயரம்' என்பதே மீண்டும் பதிலாக வந்தால், வேறு கதவைத் தட்டுங்கள். பள்ளி அணி வழியாக 17 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான சுப்ரதோ கோப்பை இருக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் இருக்கின்றன. மாவட்டக் கால்பந்துச் சங்கத்தின் வயதுப் பிரிவு அணிகள் இருக்கின்றன. வளர்ச்சி அணி ஒன்றே வாசல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தமிழக மகளிர் அணி 2018-லும் 2023-லும் தேசியப் பட்டத்தை வென்றது. மதுரையின் சேது எஃப்.சி. 2018-19 பருவத்தில் இந்திய மகளிர் லீக்கின் சாம்பியன் ஆனது. மாநில அணியில் ஓர் இடம் பிடிப்பது என்பது நாட்டின் முதல் வரிசையில் நிற்பதற்குச் சமம்.

உறவினர் ஒருவர், பிறந்த தேதியை இரண்டு ஆண்டு தள்ளி எழுதி வாங்கிவிட்டால் மகளுக்குச் சுலபமாக இடம் கிடைக்கும் என்கிறார். செய்யலாமா?
— சேலம் மாவட்டத்திலிருந்து ஒருவர்

கூடாது. மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வளர்ச்சியிலிருந்து வயதைக் கணிக்கும் முறை இந்தியக் கால்பந்தில் நடைமுறையில் இருக்கிறது. பதிவு செய்யும் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் கணினிப் பதிவில் ஓர் எண் உண்டு. அதில் ஏறிய தேதி வாழ்நாள் முழுவதும் கூடவே வரும். உறவினர் அகப்பட மாட்டார், பிள்ளைதான் அகப்படுவாள்.

பேத்தி தேர்வாகிவிட்டாள். வாரம் நான்கு நாள் கோவைக்குப் போக வேண்டுமாம். வெயிலில் கறுத்துவிடுவாள், படிப்புக் கெடும், நம் பக்கம் பெண் பிள்ளைகள் பந்து உதைத்து என்ன ஆகப்போகிறது என்று அவளுடைய அப்பிச்சி ஒத்துக்கொள்ளவே இல்லை. நான் இருவருக்கும் நடுவில் நிற்கிறேன்.
— ஓர் அம்மிச்சி, பொள்ளாச்சி

கறுப்பைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. தென்னந்தோப்பில் நாள் முழுக்க நின்று கறுத்த அப்பிச்சிக்கே அதன் பதில் தெரியும். படிப்பைப் பற்றிய கவலைக்கு ஒரு செய்தி: தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு உரிய மட்டத்துப் போட்டிகளில் ஆடிய சான்றிதழ்கள் தேவை. ஆகவே ஒவ்வொரு தாளையும் உறையிலிட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

என் கவலை வேறு. தேர்வாகும் பிள்ளைகளில் பலர் சில மாதங்களுக்குள் நின்றுவிடுகிறார்கள். பெரும்பாலும் ஆட்டம் அவர்களை நிறுத்துவதில்லை, பேருந்துதான் நிறுத்துகிறது. பொள்ளாச்சியிலிருந்து கோவை ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பள்ளி முடிந்து போய், பயிற்சி முடிந்து, இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்புவாள், அதற்குமேல் எப்போது சாப்பிட்டு எப்போது தூங்குவாள் என்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான்கு நாள் முடியாது என்று தோன்றினால், இரண்டு நாள் அங்கும் இரண்டு நாள் உள்ளூர்ப் பள்ளி மைதானத்திலும் பயிற்சி செய்யலாமா என்று பயிற்சியாளரிடம் கேட்பதில் தவறில்லை.

சம்மதம் சொல்லுமுன் நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்க வேண்டியவையும் உண்டு. மாதக் கட்டணம் எவ்வளவு, சீருடைக்கும் வெளியூர்ப் பயணத்துக்கும் தனியாகக் கேட்பார்களா, வெளியூர் போகும்போது பொறுப்பில் ஒரு பெண் உடன் வருவாரா, உடை மாற்றவும் கழிவறைக்கும் தனி இடம் இருக்கிறதா, புகார் இருந்தால் யாரிடம் சொல்வது என்பவற்றைத் தயங்காமல் கேளுங்கள். கேட்டதற்கு முகம் கோணுகிற அணி, எவ்வளவு பெரிய பெயர் பெற்றதாக இருந்தாலும், நம் பிள்ளைக்கு வேண்டாம். அப்பிச்சியை வாதாடி வெல்ல முயல வேண்டாம். ஒரு சனிக்கிழமை மாலை அவரை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வையுங்கள், அது போதும்.

எனக்குத் தேர்வு நாளன்று மாதவிடாய் வந்துவிடும் போலிருக்கிறது. போகலாமா? முட்டிக்குக் கீழேயும் கொஞ்ச நாளாக வலிக்கிறது. அம்மாவிடம் சொன்னால் போக விடமாட்டார்.
— ஒன்பதாம் வகுப்பு மாணவி, பவானி

அம்மிணி, முதல் கேள்விக்குப் பதில்: போகலாம். மாதவிடாயின்போது ஆடுவதால் உடலுக்குக் கெடுதல் எதுவும் இல்லை. அடர்நிறக் கால்சட்டை அணிந்துகொள், மாற்று நாப்கினும் மாற்று உடையும் பையில் இருக்கட்டும். வயிற்றுவலி கடுமையாக வரும் வழக்கம் உனக்கு இருந்தால், மாத்திரை பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள். தோழி கொடுத்ததைத் தேர்வு நாளில் முதன்முறையாக விழுங்காதே. முந்தின இரவு அரிசிம்பருப்பும் காலையில் இட்லியும் போதும்; தேர்வுக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடித்துவிடு. தமிழகப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. சீக்கிரம் மூச்சு வாங்குகிறது, எப்போதும் களைப்பாக இருக்கிறது என்றால் இரத்தப் பரிசோதனை செய்துகொள். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் குப்பைத் தொட்டியில் போடாதே. சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடிக்காதே, அது உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும்.

முட்டி விஷயத்தில் மட்டும் அம்மாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். முழங்காற்சில்லுக்குக் கீழே எலும்பு முட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் வருகிற வலி, வளரும் வயதில் ஓடியாடும் பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவது. ஓய்வும் தொடைத் தசைக்கான பயிற்சியும் பெரும்பாலும் அதைச் சரிசெய்துவிடும். ஆனால் அதுதானா என்று மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். கால்பந்தில் முழங்கால் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் நேர்கிறது என்பதால், வலியை மறைத்துக்கொண்டு ஆடுவதில் வீரம் எதுவும் இல்லை. ஃபிஃபா வகுத்துள்ள '11+' என்ற 20 நிமிடச் சூடேற்றப் பயிற்சியை உன் உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டுக் கற்றுக்கொள். நார்வேயில் 13 முதல் 17 வயதுச் சிறுமியரிடம் அதைச் செய்து பார்த்தபோது, காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. ஒற்றைக் காலில் நின்று சமநிலை காப்பது, குதித்துத் தரையிறங்கும்போது முட்டி உட்பக்கம் மடங்காமல் பார்த்துக்கொள்வது என்று எல்லாமே செலவில்லாத பயிற்சிகள்தான்.

தேர்வுக்கு எந்த பூட்ஸ் வாங்குவது? விலை அதிகமானதுதான் நல்லதா?
— ஒரு தந்தை, கரூர்

நம் பக்கத்து மைதானங்கள் பெரும்பாலும் இறுகிய செம்மண் தரை. அதில் நீண்ட ஸ்டட் (அடிப்பகுதியில் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ்கள்) உள்ள பூட்ஸ் காலை வாரிவிடும். குட்டையான ரப்பர் ஸ்டட்கள் நிறைய உள்ளதை வாங்குங்கள். 'வளர்கிற பிள்ளைதானே' என்று இரண்டு அளவு பெரிதாக வாங்க வேண்டாம். பெருவிரலுக்கு முன்னால் அரை விரற்கடை இடம் இருந்தால் போதும். விலையைவிட, வாங்கிய பிறகு குறைந்தது இரண்டு வாரமாவது அதை அணிந்து ஆடியிருப்பதே முக்கியம். புது பூட்ஸ் தேர்வு நாளில் கொப்புளத்தைத்தான் தரும். சட்டைக்குச் செலவழிக்காதீர்கள், திருப்பூர் பக்கத்தில் இருக்கும்போது அது கவலையே இல்லை. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் அணியும் காப்பான ஷின் கார்டை மட்டும் பையில் முதலில் வையுங்கள். ஆட்ட விதி அதைக் கட்டாயமாக்கியிருப்பதால், அது இல்லாத பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.