கோபம் யாருடையது, கோரிக்கை யாருடையது?

அன்புள்ள ஐயா,

நான் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை. எங்கள் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் சென்ற மாதம் ஒரு கண்டனப் பேரணிக்குப் போனார்கள். 13, 14 வயது. கையில் பிடித்திருந்த அட்டைகளில் இருந்த சில சொற்களுக்கு அவர்களுக்கே பொருள் தெரியவில்லை. ஆசிரியர் அறையில் இப்போது இரண்டு கட்சி. “யாரோ தூண்டிவிட்டிருக்கிறார்கள், இதுகளுக்கு என்ன அரசியல் தெரியும்” என்கிறது ஒன்று. “இந்தத் தலைமுறை நம்மைவிடத் தெளிவு, நாம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்” என்கிறது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை. இந்த வயதில் போராட வருகிறவர்களின் கருத்து அவர்களுடையதுதானா? அதைக் கண்டறிய வழி உண்டா? அடுத்த முறை போகப்போகிறோம் என்று என்னிடம் வந்து நின்றால் நான் என்ன செய்வது?

(பெயர் தவிர்க்கப்பட்டது)

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் ஆசிரியர் அறையின் இரண்டு கட்சிகளும் செய்யும் பிழை ஒன்றே. போராட்டத்தை ஒரே துண்டாக எடுத்துக்கொண்டு, மொத்தமும் பிள்ளையுடையது என்கிறது ஒரு கட்சி, மொத்தமும் பெரியவருடையது என்கிறது மற்றது. எந்தப் போராட்டத்தையும் பிரித்துப் பார்த்தால் ஒரு மனக்குறை இருக்கும், அதற்குத் தீர்வாக ஒரு கோரிக்கை இருக்கும், அதைக் கூட்டமாகச் சொல்ல ஒரு முழக்கம் இருக்கும். 13 வயதுப் பிள்ளையிடம் மனக்குறை பெரும்பாலும் சொந்தம். கோரிக்கை பெரும்பாலும் கடன் வாங்கியது. முழக்கமோ எந்த வயதிலும் யாருக்கும் சொந்தமில்லை, ஆயிரம் பேர் ஒரே குரலில் சொல்வதற்காகவே அது எழுதப்படுகிறது. ஆகவே அட்டையில் இருந்த சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை என்பதை வைத்து ஒன்றும் முடிவுகட்ட முடியாது. அதே பேரணியில் வந்த பெரியவர்களிடமும் அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டுப் பாருங்கள்.

1951 ஏப்ரல் 23ஆம் நாள், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஃபார்ம்வில் என்ற ஊரில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். கறுப்பின மாணவர்களுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளி அங்கே இருந்தது. 180 பேருக்குக் கட்டிய கட்டடத்தில் 450க்கும் மேற்பட்டவர்கள் படித்தார்கள். இடம் போதாததால் தார்த்தாள் ஒட்டிய கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவியும் சில தோழர்களும் ரகசியமாகத் திட்டமிட்டார்கள். ஒரு பொய்த் தொலைபேசி அழைப்பால் தலைமையாசிரியரைப் பள்ளியைவிட்டு வெளியே போகவைத்து, எல்லா மாணவர்களையும் அரங்கில் கூட்டி, வகுப்புப் புறக்கணிப்பை அறிவித்தார்கள். அவர்கள் கேட்டது ஒரு நல்ல கட்டடம், அவ்வளவே. உதவிக்கு வந்த வழக்கறிஞர்கள்தான், இனம் பிரித்துப் பள்ளி நடத்தும் முறையையே எதிர்ப்பதானால் வழக்கை எடுக்கிறோம் என்றார்கள். மாணவர்களும் பெற்றோர்களும் அதை ஏற்றார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1954இல் தந்த தீர்ப்பில் ஒன்றாகச் சேர்க்கப்பட்ட ஐந்து வழக்குகளில் அது ஒன்று.

கொட்டகை ஒழுகியது யார் தலையில் என்பதில் ஐயமில்லை. திட்டம்கூட மாணவர்களுடையதே. ஆனால் வரலாற்றில் நின்ற அந்தக் கோரிக்கை வழக்கறிஞர்கள் கொடுத்தது. அதற்காக அந்தப் பிள்ளைகளைக் கைப்பாவைகள் என்று சொல்வது அபத்தம். பெரியவர்கள் கொண்டுவந்த தீர்வைத் தங்கள் அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் வேண்டிய அளவு சரக்கு இருந்தது.

எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. 1963 மே மாதம் அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரில், இனப் பிரிவினையை எதிர்த்த ஊர்வலத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளைத் திரட்டியவர் ஜேம்ஸ் பெவல் என்ற பெரியவர். வேலை போய்விடும் என்று பெற்றோர் தயங்கியபோது, பிள்ளைகளை அழைக்கலாம் என்றவர் அவர். வன்முறைக்குப் பதில் வன்முறை செய்யாமல் நிற்பதற்குப் பயிற்சி கொடுத்துத்தான் அனுப்பினார்கள். முதல் நாளிலேயே நூற்றுக்கணக்கில் கைது. பிள்ளைகளை முன்னால் நிறுத்துவதை, கறுப்பினத் தலைவர்களில் ஒருவரான மால்கம் எக்ஸ் கடுமையாகக் கண்டித்தார். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது ஆபத்தைப் பற்றியது. கருத்து யாருடையது என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி விவாதங்கள் எங்கும் போய்ச் சேருவதில்லை. சொந்தக் கருத்துள்ள பிள்ளையையும் அபாயத்தில் தள்ளக்கூடாது. கடன் வாங்கிய கருத்துள்ள பிள்ளை பாதுகாப்பான ஒரு பேரணிக்குப் போய்வருவதால் குடி முழுகிவிடாது.

அடுத்தது வீட்டின் செல்வாக்கு. 1965 டிசம்பரில் வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை அணிந்து பள்ளிக்குப் போனதற்காக அமெரிக்காவின் டிமாயின் நகரில் மேரி பெத் டிங்கர், ஜான் டிங்கர் ஆகியோர் வெளியே அனுப்பப்பட்டார்கள். வயது 13, 15. தந்தை மெத்தடிஸ்ட் போதகர், அமைதி இயக்கக் குடும்பம். 8 வயதுத் தம்பியும் 11 வயதுத் தங்கையும்கூடப் பட்டை அணிந்தார்கள். 1969இல் உச்சநீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. கருத்து வீட்டிலிருந்து வந்ததா என்ற அடிப்படையில் அவர்களுடைய உரிமை தீர்மானிக்கப்படவில்லை. அந்த 8 வயதுப் பையனுக்குப் போர் பற்றி என்ன புரிந்திருக்கும் என்று நானும் யோசிப்பேன். 13 வயது மேரி பெத் விஷயத்தில் அந்த ஐயம் எனக்கு இல்லை. வளர்ந்தபின்னும் மாணவர் உரிமை பற்றிப் பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசியவர் அவர்.

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு என்னதான் இறங்குகிறது? அமெரிக்க உயர்நிலைப் பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களையும் அவர்கள் பெற்றோரையும் 1965இல் தனித்தனியாகக் கேட்டு ஆராய்ந்தவர்கள் ஜென்னிங்ஸ், நீமி என்ற அரசியல் அறிஞர்கள். கட்சி விசுவாசம் ஓரளவு நன்றாகவே கைமாறியிருந்தது. ஆனால் தனித்தனிப் பிரச்சினைகள் பற்றிய கருத்துகளில் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் ஒற்றுமை எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. எதிர்த்திசைப் போக்கும் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் பருவநிலை மாற்றம் பற்றிப் பாடம் நடத்தி, 2019இல் வெளியான ஆய்வில், பெற்றோரின் அக்கறையும் சேர்ந்து கூடியது தெரிந்தது. அதிகம் மாறியவர்களில் பழமைவாதப் பெற்றோரும் தந்தையரும் அடக்கம். பிள்ளை வாயால் பெற்றோர் பேசுவது போலவே, பெற்றோர் வாயால் பிள்ளை பேசுவதும் நடக்கிறது.

பெரியவர்களின் கருத்து மட்டும் கல்வெட்டா என்ன? அமெரிக்க அரசியல் அறிஞர் ஃபிலிப் கான்வர்ஸ் 1964இல் வெளியிட்ட ஆய்வில், 1956, 1958, 1960 ஆகிய ஆண்டுகளில் அதே ஆட்களிடம் அதே கேள்விகள் கேட்கப்பட்டிருந்தன. சில கொள்கைக் கேள்விகளுக்குப் பலரின் பதில்கள் எந்த ஒழுங்கும் இல்லாமல் மாறிக்கொண்டிருந்தன. கருத்தே இல்லாதவர்கள், கேட்டதற்காக ஏதோ சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வைக்கும் தேர்வை வாக்காளர்களுக்கும் வைத்தால் வாக்குச்சாவடிகள் காற்று வாங்கும்.

வயது ஒரு பொருட்டே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 11 நாடுகளில் 10 முதல் 30 வயதுவரை 5,000க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 2019இல் வெளியான ஆய்வு, அவசரமில்லாமல், உணர்ச்சி கிளறப்படாமல் யோசிக்கும் திறன் 16 வயதளவில் பெரியவர் மட்டத்தை எட்டுகிறது என்கிறது. தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதும், நண்பர் வற்புறுத்தலுக்கு வளையாமல் நிற்பதும் முதிர அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பிடிக்கின்றன. உங்கள் பிள்ளைகள் 13, 14. முதலாவதே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இதிலிருந்து உங்களுக்கு உதவக்கூடியது ஒன்றுதான்: பேரணி நாளில், தோழர்கள் சூழ நிற்கையில், எதையும் கேட்காதீர்கள். அப்போது கிடைக்கும் பதில் கூட்டத்தின் பதில்.

இரண்டு மூன்று நாள் கழித்து, தனியாக, கேமராவோ குறிப்பேடோ இல்லாமல் பேசுங்கள். “ஏன் போனாய்?” என்று தொடங்கினால் அது விசாரணை. பிள்ளை தற்காப்புக்கு முழக்கத்தை ஒப்பிக்கும். “இது உனக்கு முதலில் எப்படித் தெரிய வந்தது?” என்று தொடங்குங்கள். வகுப்பு, தொலைபேசியில் பார்த்த காணொளி, அண்ணன், வீட்டில் நடந்த ஒரு சண்டை என்று ஏதாவது வரும். எங்கிருந்து வந்தது என்பது முக்கியமில்லை, அதற்குப் பின் பிள்ளை அதை என்ன செய்தது என்பதைக் கவனியுங்கள். வேறெங்காவது தேடிப் பார்த்ததா, யாரிடமாவது வாதாடியதா? அடுத்து, இந்தக் கோரிக்கையை நிறைவேற்ற வேண்டியவர் யார், அவர் சரி என்றால் மறுநாள் எது மாறும் என்று கேளுங்கள். கடன் வாங்கிய கோரிக்கை பெரும்பாலும் இங்கேதான் தடுமாறும். பிறகு, இதை எதிர்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். “அவங்க கெட்டவங்க” என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லையானால் கருத்து இன்னும் அரைவேக்காடு. எதிர்ப்பவரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லத் தெரிந்தால், அந்தப் பிள்ளை ஆசிரியர் அறையில் பலரைவிட முன்னால் இருக்கிறது. கடைசியாக, உன்னோடு சேர்ந்து போராடுகிறவர்கள் சொல்வதில் உனக்குப் பிடிக்காதது எது என்று கேளுங்கள். என் கணக்கில் எல்லாவற்றையும்விட நம்பகமான கேள்வி இதுதான். அட்டை எழுதிக் கொடுத்தவர் இதற்கு விடை எழுதிக் கொடுத்திருக்கமாட்டார்.

கேட்பவர் தவறுவது வழக்கமாக இரண்டு இடங்களில். ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும் கேள்வியாகக் கேட்டால், ஆசிரியர் எதிர்பார்ப்பதாகத் தோன்றும் பக்கம் பிள்ளை தலையாட்டிவிடும். ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டால், முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது என்று நினைத்துப் பதிலை மாற்றும். சிறு பிள்ளைகளிடம் இது அதிகம், 13 வயதில் அறவே மறைந்துவிடுவதும் இல்லை. மாற்றிச் சொன்னதைக் காட்டி “பார்த்தீர்களா, கருத்தே கிடையாது” என்று முடிவுகட்டுகிறவர் தான் உண்டாக்கிய குழப்பத்தையே சான்றாகக் காட்டுகிறார்.

பிள்ளையைவிடக் கறாராகச் சோதிக்க வேண்டியது ஏற்பாட்டாளர்களை. ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதிய கட்டுரையில் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகளாகப் பிரித்தார். அடிப்படி சூழ்ச்சிக்கு ஆட்படுவது. விஷயம் புரியாத மழலையர் கையில் அரசியல் அட்டையைக் கொடுப்பதைத்தான் அதற்கு உதாரணமாகக் காட்டினார். அடுத்த இரண்டு படிகள் அலங்காரமும் ஒப்புக்குச் சேர்ப்பதும். நான்காவது படியிலிருந்துதான் உண்மையான பங்கேற்பு. அதற்கு அவர் வைத்த நிபந்தனைகள் நடைமுறைக்கு மிக உகந்தவை: நோக்கம் என்ன என்று பிள்ளைக்குத் தெரியவேண்டும், தன்னைச் சேர்க்க முடிவெடுத்தது யார், ஏன் என்று தெரியவேண்டும், காட்சிப் பொருளாக அல்லாமல் செய்வதற்கு ஒரு வேலை இருக்கவேண்டும், எல்லாம் விளக்கிய பிறகு தானாக முன்வரவேண்டும். பேரணி பெரியவர் நடத்தியதா என்று இந்த நிபந்தனைகள் கேட்பதில்லை. பெரியவர் நடத்திய பேரணியும் இதில் தேறலாம், மாணவர் தலைவன் ஒருவன் இளையவர்களை மிரட்டிக் கூட்டிப்போனது தோற்கலாம்.

“முதலில் உனக்குப் புரிந்திருக்கிறது என்று நிரூபி, பிறகு கேட்கிறேன்” என்று சொல்லவும் நமக்கு இடமில்லை. 1989இல் நிறைவேறிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, கருத்து உருவாக்கும் திறனுள்ள பிள்ளைக்குத் தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் அதைச் சொல்லும் உரிமையையும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பையும் தருகிறது. அதற்கான ஐ.நா. குழு 2009இல் தந்த விளக்கத்தில் குறைந்தபட்ச வயது எதுவும் வைக்கவில்லை. விஷயத்தின் எல்லாப் பக்கமும் தெரிந்திருக்கவேண்டும் என்றும் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைக்குத் திறன் உண்டு என்றே தொடங்கவேண்டும், நிரூபிக்கும் சுமை அதன் தலையில் இல்லை. மதிப்பு தருவது வேறு, கேட்டதையெல்லாம் ஏற்பது வேறு என்பதை உங்கள் இரண்டாவது கட்சியிடம் சொல்லுங்கள்.

அடுத்த முறை வந்து நின்றால், வீட்டில் சொல்லியாகிவிட்டதா, உடன் வரும் பெரியவர் யார், கூட்டம் கலைக்கப்பட்டால் எங்கே கூடுவது, வீடு திரும்புவது எப்படி என்று இந்த நான்கையும் முதலில் கேளுங்கள். படம் எடுத்துப் பொதுவெளியில் போடுவார்கள், 13 வயதில் பிடித்த அட்டை 23 வயதிலும் தேடலில் வரும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அட்டையைத் தாங்களே, தங்களுக்கு விளங்கும் சொற்களில் எழுதட்டும். வருகைப் பதிவில் என்ன விதியோ அதை எல்லாப் பக்கத்தார்க்கும் ஒன்றுபோல வையுங்கள், உங்களுக்குப் பிடித்த கோரிக்கைக்கு மட்டும் விடுப்பு தராதீர்கள்.

போகாதவர்களையும் பாருங்கள். வகுப்பில் 40 பேரில் 12 பேர் போனால், மீதி 28 பேர் மறுநாள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். “நான் வரவில்லை” என்று சொன்னவரைக் குழுவிலிருந்து நீக்குவதோ துரோகி என்பதோ நடந்தால், அந்த 12 பேரில் எத்தனை பேர் விரும்பிப் போனார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது, நீங்கள் எவ்வளவு நல்ல கேள்விகள் கேட்டாலும் சரி. அப்படி நடந்தால் போனவர்களை விசாரிப்பதை நிறுத்திவிட்டு, அதை முதலில் சரிசெய்யுங்கள்.